ராகு காலத்தில் நினைவிழந்த நால்வர்

முப்பத்து நான்கு வருடம், எதிரே வந்து நின்றவர்களிடம் "நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். வாரிசுச் சான்று, இருப்பிடச் சான்று, பட்டா மாறுதல் என்று என் கையெழுத்துக்குக் காத்திருந்தவர்களை வரிசையில் நிறுத்தினால், சிங்காநல்லூரில் தொடங்கி சூலூரைத் தாண்டிப் போகும். (அதில் பாதிப் பேரை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பியிருக்கிறேன். அவர்களை இரண்டு முறை எண்ண வேண்டும்.) இப்படிப்பட்டவன் ஓய்வுக்குப் பிறகு தொடவே கூடாத விளையாட்டு ஒன்று உண்டென்றால், அது நினைவு தப்பிய மனிதர்களைப் பற்றிய விளையாட்டு. நான் அதைத் தொட்டேன். அதுவும் மகளின் கல்யாணம் உறுதியாக வேண்டிய நாளில், சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்து.

விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, வாயாலேயே ஆடும் கதை விளையாட்டு. நடத்துபவர் ஒருவர். "எதிரே ஒரு கோட்டை" என்று அவர் சொன்னால் கோட்டை வந்துவிடும். மற்றவர்கள் "நான் சுவரேறிக் குதிக்கிறேன்" என்பார்கள். குதித்தார்களா, கால் முறிந்ததா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். என் மகள் யாழினி சரவணம்பட்டியில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளும் மூன்று தோழிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஹாலில் இதைத்தான் ஆடுவார்கள். நடத்தி வந்த பெண் வெளிநாடு போய்விட்டாள். ஒரு பதவி காலியாகக் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கூடுதல் பொறுப்பாக ஏற்றுக்கொண்டேன்.

விதிப் புத்தகத்தைப் பதினோரு நாளில் படித்து முடித்தேன், கையில் பென்சிலோடு. இரண்டு விதிகளுக்கிடையே முரண்பாடு இருப்பதைக் கண்டுபிடித்து, வெளியிட்டவர்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. நினைவூட்டு ஒன்றும் அனுப்பினேன். அதே புத்தகத்தில், "நடத்துபவர் விரும்பினால் கதையை நடுவில் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு விதி இருந்தது. இவ்வளவு பெரிய ஓட்டையை எப்படி விட்டார்கள் என்று வியந்து, அதைப் பென்சிலால் அடித்தேன்.

பிறகு சொந்தமாக ஒரு கதை எழுதினேன். நான்கு பேர் ஒரு சந்தை மண்டபத்தில் கண் விழிக்கிறார்கள். தாங்கள் யார், எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை, ஒன்றும் நினைவில்லை. நால்வரின் உண்மை வரலாற்றையும் நான்கு காகிதங்களில் எழுதி, நான்கு கவர்களில் போட்டு, ஒன்றிலிருந்து நான்கு வரை எண்ணிட்டு, வாய்ப்பகுதியில் கையெழுத்துப் போட்டு, அரக்கு வைத்தேன். விளையாட்டின் கடைசியில்தான் பிரிக்க வேண்டும் என்பது விதி. இயற்றியவனும் நானே, அமல்படுத்துபவனும் நானே.

அரக்கு உருக்கும் வாசனை பிடித்து என் மனைவி சாந்தாமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ரிட்டயர்டு ஆயி ஒண்ணரை வருசம் ஆச்சு. இன்னும் ஆருக்குங்க சீல் வெக்கறீங்க?"

"நினைவு தப்பினவங்களுக்கு."

"நல்லாப் பாருங்க, உங்களுக்கும் ஒரு கவர் இருக்கப் போகுது."

அந்தக் கவர்களை வைத்து யாழினியின் தோழிகள் ஆடுவதற்குள், சம்பந்தி வீட்டார் வரும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

மாப்பிள்ளை கௌதம், சோமனூர்ப் பையன். அப்பா துரைசாமி விசைத்தறி வைத்திருப்பவர். வாய் விட்டுச் சிரிக்கும் மனிதர். அம்மா ருக்குமணி அதிகம் பேசாதவர், ஆனால் சகுன விஷயத்தில் மிகுந்த கவனம். பல்லி ஒன்று சத்தம் கொடுத்தால், இன்னொரு பல்லி ஆமோதிக்கிறதா என்று காத்திருந்து பார்ப்பவர். ஜாதகம் பார்த்தாகிவிட்டது. பெண்ணும் பையனும் மூன்று மாதமாகப் போனில் பேசிப் பிடித்துப்போயிருந்தது. மிச்சமிருந்தது உப்புச் சர்க்கரை மாற்றுவதுதான். எங்கள் பக்கம் இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. அதன் பிறகு பின்வாங்குவது கௌரவமாகாது. அதற்கு முன் பின்வாங்கினால் கேள்வி கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தின் முழுப் பொருளும் எனக்கு அன்று மாலைதான் விளங்கியது.

மூன்றரை மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள், சூலூரில் பூ வாங்க இறங்கி, பிறகு சிக்னலில் மாட்டி, நாலு முப்பத்தைந்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ருக்குமணி வாசலில் நின்றபடியே கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணா, உள்ள வாரோம். ஆனா ஆறு மணி வரைக்கும் நல்ல காரியம் ஒண்ணும் பேச வேண்டாமுங்க. உப்பு சக்கரப் பையி இப்படி ஓரமாவே இருக்கட்டும்."

காபி குடித்து முடித்தபோது நாலு ஐம்பது. நல்ல காரியம் பேசக்கூடாதென்றால் சம்பந்திகள் என்னதான் பேசுவது? நூல் விலை பேசினோம். மழை பேசினோம். மேம்பாலம் எப்போது முடியும் என்று பேசினோம். பிறகு எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

அப்போது துரைசாமி கேட்டார். "ஏனுங் சம்பந்தி, அம்மணி ஏதோ வெளையாட்டு வெளையாடுமாமா? கௌதமு சொன்னான். நீங்கதான் நடத்தறதாமா?"

யாழினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் "வேண்டாம்" என்று எழுதியிருந்தது. மனுவைப் படிக்காமலே தள்ளுபடி செய்யும் பழக்கம் எனக்கு உண்டு. எழுந்து போய்க் கவர்களை எடுத்து வந்தேன்.

நான்கு பேர் ஆட வேண்டும். நான்கு பேர் இருந்தார்கள். எந்தக் கவர் யாருக்கு என்பதை நானே முடிவு செய்திருக்கலாம். ஆனால் பாரபட்சம் என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாதே. சீட்டுக் குலுக்கினேன். கௌதமுக்கு ஒன்று. துரைசாமிக்கு இரண்டு. யாழினிக்கு மூன்று. ருக்குமணிக்கு நான்கு.

ஒன்றும் மூன்றும் சிறு வயதில் பிரிந்துபோன அண்ணன் தங்கை.

எனக்குள் ஒரு மணி அடித்தது, பொய் சொல்லவில்லை. உடனே கணக்குப் போட்டேன். தோழிகள் என்றால் இதைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகும். இவர்கள், யாழினியைத் தவிர, முதல் முறை ஆடுகிறவர்கள். கோட்டை வாசலைத் தாண்டுவதற்குள் மணி ஆறாகிவிடும். என் விளையாட்டில் நடைமுறைகள் அவ்வளவு வலுவானவை. மறுகுலுக்கல் நடத்தினால் காரணம் பதிவு செய்ய வேண்டியிருக்கும். விட்டுவிட்டேன்.

"நீங்க நாலு பேரும் சந்தை மண்டபத்துல கண்ணு முழிக்கறீங்க. நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியாது. எதிர்ல கோட்டை வாசல். காவக்காரன் ஒருத்தன் 'பேரு?'ங்கறான்."

(காவலனுக்காகத் தனிக்குரல் எதுவும் பழகத் தேவையிருக்கவில்லை. என் பழைய அலுவலகக் குரலே போதுமாயிருந்தது.)

"தெரீலீங்களே," என்றார் துரைசாமி உற்சாகமாக.

"பேரு இல்லாதவங்க தற்காலிகப் பேரு கேட்டு விண்ணப்பிக்கணும். நாலாம் படிவம்."

உண்மையாகவே படிவத்தை நீட்டினேன். பத்துப் பிரதி எடுத்து வைத்திருந்தேன்.

துரைசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ஏனுங், இதுல மொதக் கட்டத்துலயே 'விண்ணப்பதாரர் பெயர்'னு போட்டிருக்குதுங்களே?"

"'தெரியாது'ன்னு எழுதுங்க. உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்டச் சான்றொப்பம் வாங்கிட்டு வாங்க."

"என்னைய எனக்கே தெரீலீங்க. வேற எவனுக்குங்க தெரியும்?"

"அப்ப நாளைக்கு வாங்க."

கௌதம் பகடையை உருட்டிக் காவலனை மிரட்டப் பார்த்தான். நான்கு விழுந்தது. யாழினி காவலனுக்குப் பழம் கொடுத்துப் பார்த்தாள். கையூட்டு முயற்சி என்று குறித்துக்கொண்டேன். இருபது நிமிடம் நால்வரும் வாசலிலேயே நின்றார்கள். எனக்குப் பரம திருப்தி. மணி ஐந்தே கால். இந்த வேகத்தில் போனால் ஆறு மணிக்குப் படிவமே முடிந்திருக்காது.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த ருக்குமணி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சித்த நகருங்க, நான் பேசறேன். ஏன் கண்ணு காவக்காரா, சாப்பிட்டியா?"

முப்பத்து நான்கு வருடத்தில் என் மேசைக்கு முன்னால் நின்ற ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. காவலன் தடுமாறினான்.

"சாப்... இன்னும் இல்லைங்க."

"மணி என்னாச்சு, இன்னும் சாப்புடாம நிக்கறே? உங்க ஊடு எங்க கண்ணு?"

"வடக்குப்... வடக்குப்பாளையமுங்க." (வடக்குப்பாளையம் என்று ஓர் ஊர் என் வரைபடத்திலேயே கிடையாது.)

"வடக்குப்பாளையத்துல ஆரு ஊட்டுப் பையன்? அக்கா தங்கச்சி இருக்குதா? எங்க குடுத்திருக்குது?"

நான் பதில் சொல்லச் சொல்ல அவர் அடுத்த கேள்வியோடு தயாராக இருந்தார். இரண்டே நிமிடத்தில் காவலனுக்கு ஒரு விதவைத் தாய், கட்டிக்கொடுத்த இரண்டு அக்காள், பாகப் பிரிவினையில் தீராத ஒரு கிணறு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. மூன்றாவது நிமிடத்தில் அவன் ருக்குமணிக்குப் பெரியம்மா மகன் முறையாகிவிட்டான். கதவைத் திறந்துவிட்டதோடு நில்லாமல், "உள்ளே போயி என்ற பேரச் சொல்லுங்கக்கா" என்றும் சொன்னான். நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நாலாம் படிவம் மேசையில் பரிதாபமாகக் கிடந்தது.

"பாத்தீங்களா சம்பந்தி!" என்று துரைசாமி தொடையைத் தட்டினார். "கல்யாண ஊட்டுல தெரியாத ஆளு பக்கத்துல இவளை உக்கார வெச்சாப் போதுமுங்க. எலை எடுக்கறதுக்குள்ள ஒறம்பரை ஆக்கிப்போடுவா."

கோட்டைக்குள் போனதும் பகடை அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. பதினைந்துக்கு மேல் விழுந்தால் ஒரு நினைவுத் துண்டு கிடைக்கும். அதைச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். கௌதம் உருட்டினான். பதினெட்டு. சீட்டைக் கொடுத்தேன். "சின்ன வயதில் உனக்கு மொட்டை அடித்த கோயில். நீ அழுகிறாய். பக்கத்தில் தலையில்லாத ஒரு கல் குதிரை."

யாழினி உருட்டினாள். பத்தொன்பது. "உனக்குக் காது குத்துகிறார்கள். யார் மடியிலோ உட்கார்ந்திருக்கிறாய். எதிரே ஒரு கல் குதிரை. அதற்குத் தலை எங்கே என்று கேட்கிறாய்."

யாழினி சீட்டைப் படித்தாள். கணினிப் படிப்பு வீண் போகவில்லை, உடனே புரிந்துவிட்டது. மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். தண்ணீர் எடுக்கப் போவதுபோல் எழுந்து என் காதருகில் குனிந்தாள்.

"அப்பா, அடுத்த சீட்டை மாத்தீருங்க. இப்பவே."

"முத்திரை வெச்ச பதிவும்மா. மாத்தறதுக்கு விதியில இடமில்லை."

"விதியில இருக்குது. நீங்கதான் அடிச்சீங்க."

"அடிச்சது அடிச்சதுதான்."

இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கொள்கையைப் பற்றிப் பேசும்போது என் குரல் தானாக உயரும். ருக்குமணி நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, கேட்க ஆரம்பித்தார்.

"கௌதமு, உனக்கு மொட்ட போட்ட கோயல்ல என்ன இருந்துச்சுன்னே?"

"தலையில்லாத குதிரைம்மா."

"யாழினி கண்ணு, உனக்குக் காது குத்துன கோயல்ல?"

யாழினி என்னைப் பார்த்தபடியே சொன்னாள். "குதிரைங்க அத்தை."

"தலை இருந்துச்சா?"

"இல்லைங்க அத்தை."

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மொட்டையும் காது குத்தும் குலசாமி கோயிலில்தான். குலசாமி ஒன்றென்றால் கூட்டம், அதாவது குலப்பிரிவு, ஒன்று. கூட்டம் ஒன்றென்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் அந்த ஹாலில் யாருக்கும் இருக்கவில்லை. துரைசாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. சமையலறை வாசலில் பஜ்ஜித் தட்டோடு நின்ற சாந்தாமணி அப்படியே நின்றாள்.

"அண்ணா," என்றார் ருக்குமணி என்னிடம். "இவங்க ரெண்டு பேரும் கதையில என்ன மொறைங்க?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? "குதிரை இரண்டு ஊரில் இருக்கிறதம்மா" என்று சொல்லியிருப்பான். "பஜ்ஜி ஆறுகிறது" என்று சொல்லியிருப்பான். நான் சொன்னது: "நிலுவையில இருக்கற விஷயத்தைப் பத்தி நான் கருத்துச் சொல்ல முடியாதுங்க."

"கவரைப் பிரிக்கலாமுங்களா?"

"சம்பந்தப்பட்டவங்க ரெண்டு பேரும் சம்மதிச்சா, அந்த ரெண்டை மட்டும் பிரிக்கலாம்."

கௌதம் சட்டென்று பிரித்துவிட்டான், பாவம், கலகலப்பாக்கிவிடலாம் என்று நினைத்து. "நீ தொலைந்துபோன தங்கையைத் தேடி வந்த அண்ணன்" என்று சத்தமாகப் படித்தான். பாதி வாக்கியத்திலேயே அவன் குரல் இறங்கிவிட்டது. மூன்றாம் கவரை யாரும் படிக்கக் கேட்கவில்லை.

மணி ஐந்து நாற்பத்தெட்டு.

"வெளையாட்டுத்தானுங்க தங்கச்சி," என்றேன். "சும்மா எழுதினது. காகிதந்தான்."

"காயிதந்தானுங்கண்ணா." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஆனா, முத்திர வெச்ச காயிதத்த மாத்த முடியாதுன்னு இப்பத்தானுங்க நீங்களே சொன்னீங்க."

முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனையோ வக்கீல்களோடு வாதாடியிருக்கிறேன். என் வாக்கியத்தையே எடுத்து என் முன்னால் வைத்தவர் இவர் ஒருவர்தான்.

ஆறு மணி அடித்தது. நல்ல நேரம் வந்துவிட்டது. ஓரமாக இருந்த உப்புச் சர்க்கரைப் பையை ருக்குமணி எடுத்தார். சாந்தாமணியின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. ருக்குமணியோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்க, போய்ட்டு வாரோம்" என்றார். யாழினியின் கன்னத்தைத் தடவினார். அது நல்ல அறிகுறியா, கடைசித் தடவையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கௌதம் காரில் ஏறும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

அடுத்த மூன்று நாள் சாந்தாமணி எனக்குச் சோறு போட்டாள். பேச்சுப் போடவில்லை. சாம்பார்க் கரண்டி தட்டில் விழும் சத்தத்தை வைத்து அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வேன். யாழினி அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். செவ்வாய்க்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, ஆபீஸ்லயும் இப்படித்தான் இருப்பீங்களா?"

"எப்படி?"

"மாத்திக் குடுக்க முடியும்னு தெரிஞ்சே, மாத்தாம அனுப்பறது."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். பட்டாவில் அப்பா பெயர் தவறாகிவிட்டது என்று என்னிடம் எட்டு முறை வந்த ஓர் ஆள் நினைவுக்கு வந்தார். அவர் முகம் நினைவில்லை. அவர் கையில் வைத்திருந்த மஞ்சள் பை நினைவிருந்தது. அன்று காலை முழுவதும் செய்தித்தாளை ஒரே பக்கத்தில் வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது. ருக்குமணி. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் என்று நினைத்து, ஒலிபெருக்கியில் போட்டுச் சாந்தாமணியையும் அருகில் அழைத்துக்கொண்டேன். (கெட்ட செய்தியைத் தனியாகக் கேட்கும் தைரியம் எனக்குக் கிடையாது.)

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனைக்காதீங்க."

"கேளுங்க தங்கச்சி."

"என்ற கவரு உங்க ஊட்டுலதானுங்க இருக்குது?"

"எந்தக் கவர்?"

"நாலாம் நம்பருங்க. அன்னிக்கி அதப் பிரிக்காமயே வந்துபோட்டேன். ஞாயித்துக்கெழமையில இருந்து ஒரு வேல ஓடறதில்லைங்க. தறிக்கு ஆளு வந்தா என்ன சொன்னான்னு தெரீல. நெனப்பு பூரா அந்தக் கோட்டையிலயேதான் நிக்குது. எல்லாத்துக்கும் மொறை கண்டுபுடிச்சேன், நான் ஆருன்னு எனக்குத் தெரீலைங்களே?"

நான் வாயைத் திறந்தேன். அனைவரும் ஆஜராகியிருக்கும்போதுதான் கவரைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. சாந்தாமணி என் முகத்துக்கு நேரே ஒரு விரலை உயர்த்தினாள். நான்கு நாளில் அவள் என்னுடன் நடத்திய முதல் பேச்சுவார்த்தை அது.

"நாளைக்கு நானே நேர்ல கொண்டு வாரேன்," என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கோப்பை அலுவலகத்துக்கு வெளியே எடுத்துச் சென்றேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் சோமனூரில் இருந்தேன். பக்கத்துக் கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. துரைசாமி தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவ்வளவு முக்கியமான விசாரணை. ருக்குமணி கையைத் துடைத்துக்கொண்டு, அரக்கை நகத்தால் நெம்பி எடுத்து, காகிதத்தைப் பிரித்துப் படித்தார்.

"நீ இந்த நாட்டின் தலைமைப் பதிவாளர். யார் யாருக்கு என்ன உறவு என்பதை எழுதும் பேரேடு உன்னுடையது. நீ எழுதுவதே செல்லும். நீ அடித்தது இல்லாததாகும்."

இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கே எனக்கு மாத்தற அதிகாரம் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நான்தானே எழுதினேன்."

"நாங்க பையத் தூக்கிட்டுப் போறப்பவும் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏனுங்கண்ணா கம்முனு உக்காந்திருந்தீங்க?"

"கவர் மூடியிருந்துச்சுங்க."

துரைசாமி முதலில் இருமுவதுபோல்தான் ஆரம்பித்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அங்கிருந்தும் சத்தம் கேட்டது. தறிக்காரர்கள் இரண்டு பேர், என்னவோ ஏதோ என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ருக்குமணி சிரிக்கவில்லை. "உண்மையச் சொல்லிப்போடறனுங்கண்ணா. குதிரையப் பாத்து நான் பயப்படலைங்க. வெளையாட்டுன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஒரு காயிதத்துக்காகப் பெத்த பொண்ணு கண்ணுல தண்ணி நிக்கறதைப் பாத்துட்டும் உக்காந்திருக்கறாரே, இந்த ஊட்டுக்கு என்ற பையன் நாளைக்கு எப்படிப் போய் வருவான்னுதானுங்க யோசிச்சுப்போட்டேன்."

நான்கு நாளாக அந்த ஹாலில் தேடிக்கொண்டிருந்த கெட்ட சகுனம் எதுவென்று அப்போதுதான் தெரிந்தது. அது நாற்காலியில் பேனாவோடு உட்கார்ந்திருந்தது.

யாழினியின் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்க்கவே இல்லை. அதைச் சொன்னேன். "ஒண்ணாம் கவரும் மூணாம் கவரும் கொண்டாந்திருக்கறேனுங்க. நீங்களே திருத்துங்க," என்று நீட்டினேன். பேனாவையும் கொடுத்தேன். ருக்குமணி "தங்கை" என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே "அத்தை மகள்" என்று எழுதினார். அத்தை மகள் என்றால் கட்டிக்கொள்ளும் முறை. கௌதமின் கவரையும் வாங்கி அதற்கேற்பத் திருத்தினார். அடித்த இடங்களில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்து, வாழ்க்கையில் இரண்டாவது முறையாக, சொல்லாமல் விட்டேன்.

"ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கே வந்தர்றோமுங்க," என்றார். வந்தார்கள். உப்பும் சர்க்கரையும் மாறின. தை மாதத்தில் கல்யாணம் நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததற்குக் காரணம், பந்தல் முதல் பந்தி வரை எந்தப் பொறுப்பும் என்னிடம் தரப்படாததுதான் என்று சாந்தாமணி சொல்கிறாள்.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் விளையாட்டு நடக்கிறது. நடத்துபவர் ருக்குமணி. விதிப் புத்தகம் இல்லை, கவர் இல்லை. அவர் கதையில் வரும் கொள்ளைக்காரனுக்குக்கூட அக்காள் வீடு ஒன்று இருக்கும். அங்கே போய்ப் பேசினால் திருடியதைத் திருப்பித் தந்துவிடுவான். சாந்தாமணிக்கு ராஜ வைத்தியர் வேடம். யாழினியும் கௌதமும் வேட்டைக்காரர்கள். எனக்கு மட்டும் நினைவு தப்பிய ஒரு வழிப்போக்கன் வேடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஏழு மாதமாக அந்த ஆள் தன் பெயரைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைகிறான். பகடையில் எனக்கு இருபதே விழுந்தாலும், "அதிகாரி சாப்பாட்டுக்குப் போயிருக்கறாருங்கண்ணா, நாளைக்கு வாங்க" என்கிறார் ருக்குமணி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். போன வாரம் எட்டாவது முறையாகத் திருப்பி அனுப்பப்பட்டேன். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன், "இன்னும் எத்தனை தடவைங்க நடக்கறது?" என்று. மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாழினி மட்டும் கையை நீட்டி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

சோமனூர்ப் பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் துரைசாமி என் தோளில் கை போட்டு உறவினர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறார். பதவி சொல்வதில்லை, பெயரும் சொல்வதில்லை.

"இவருதானுங்க எங்க சம்பந்தி. ஆருன்னு இன்னும் முடிவாகலைங்க."